நேராக்கிய விரல்

திரையில் அந்தக் கை உயர்ந்ததுமே அது யாருடையது என்று ஓக்ரானுக்குத் தெரிந்துவிட்டது. வலது கை. ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு மட்டும் இடப்பக்கமாகத் திரும்பி, பக்கத்தில் நிற்பவரிடம் எதையோ கேட்பதுபோல் சாய்ந்திருந்தது. துல்சேமி கிராமத்தில் அப்படி ஒரு விரல் பான்கில் அண்ணன் ஒருவருக்குத்தான் உண்டு. அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவுக்கு இருந்தது.

"எப்படி டீச்சர்? உசுரோட இருக்கில்ல?" என்றான் ஜேரிம்.

உயிரோடுதான் இருந்தது. நகக்கண்ணில் ஆரஞ்சுத் தோலின் மஞ்சள் கறைகூட இருந்தது.

கொரியாவின் ஜேஜு தீவில், நகரத்து மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில், நாலே பேர் வேலை செய்யும் கம்பெனி அது. ஓக்ரான் தன் இருபத்தாறு வயதில் எழுதிய நாவலை வீடியோ கேம் ஆக்குகிறோம் என்று வந்து நின்றார்கள். ஜேரிம்தான் எல்லாவற்றையும் வரைகிறவன். எழுத்தாளர் என்ற மரியாதைக்கு அவளை 'டீச்சர்' என்பான். சியோல்காரன், தீவுக்காரர்கள் வாயில் சொன்னால் 'அக்கரைப் பயல்'. நல்ல பிள்ளை, ஆனால் கேள்வி கேட்டே கொன்றுவிடுவான். "நீங்க 'ஒரு விரல் உயர்ந்தது'ன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க டீச்சர். நான் வரையணுமே. கிழவன் விரலா, வாலிபன் விரலா? நகம் வெட்டியிருக்கா? சட்டைக் கை எதுவரைக்கும்?" எழுத்தில் இருட்டில் விட்டுவிடக்கூடியதை எல்லாம் இவன் விளக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னான்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தீவில் இன்றைக்கும் சிலர் குரலைத் தாழ்த்தித்தான் அதைச் சொல்வார்கள். நாற்பத்தொன்பதாம் வருஷம் ஜனவரி. அரசாங்கத்தை எதிர்த்து மலைக்கு ஓடிப்போனவர்களைத் தேடி வந்த ராணுவம் துல்சேமியை ஊரோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டிவந்து, சுவர் ஓரமாக வரிசையில் நிறுத்தியது. ஊர்க்காரன் ஒருவனைப் பிடித்து, அடித்து நொறுக்கி, தலையில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட சாக்கை மாட்டி, வரிசைக்கு எதிரே நடக்கவிட்டது. மலைக்காரன் குடும்பம் எது, காட்டு. அவன் விரல் எங்கே நின்றதோ அந்த ஆளை இழுத்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள். விரல் துப்பாக்கி என்று அதற்குப் பெயர்.

சாக்கு முகத்தை மறைத்தது. விரலை எப்படி மறைக்கும்? பான்கிலின் அப்பா காங் தூமானின் கோணல் விரலை வரிசையில் நின்ற குழந்தைகூட அடையாளம் கண்டுகொண்டது. எந்த மகா புத்திசாலி அதிகாரி போட்ட திட்டமோ! அரசாங்கத்தின் ரகசியம் எப்போதும் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

அடுத்த வருஷம் தூமானின் மனைவி நிறைமாத வயிற்றோடு வீடு வீடாகப் போனாள். வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தெரியவேண்டாம் என்று மட்டும் கேட்டாள். யாரும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. செத்தவர்களின் பெயரைச் சொன்னாலே போலீஸ் வந்து நின்ற காலம். சொல்லாமல் இருப்பது ஊருக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. அப்படியே அது நிலைத்துவிட்டது. பான்கில் பிறந்தார், வளர்ந்தார், பள்ளிக்கூடம் போனார், கல்யாணம் பண்ணினார், மனைவியைப் பறிகொடுத்தார், எழுபத்து நாலு வயதும் ஆகிவிட்டது. துல்சேமியில் அந்தச் சாக்குக்குள் இருந்தது யார் என்று தெரியாத ஒரே மனிதர் அவர்தான்.

ஓக்ரானும் ஊர்க்காரிதானே. அவளுடைய தாத்தா அந்த வரிசையில் விழுந்தவர். நாவல் எழுதியபோது தூமான் உயிரோடு இருந்தார். அதனால் அவள் அந்த விரலை நேராக்கிவிட்டாள். 'விரல் துப்பாக்கிக் குழாய்போல் நேராக இருந்தது. தேடியவனைத் தெரிந்துகொண்டு அவன்மேல் நின்றது.' விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய வரி. பள்ளிப் பாடத்தில்கூட வந்தது.

"இந்தக் கை எங்க கிடைச்சுது?" என்று கேட்டாள், தெரியாதவள்போல.

"உங்க ஊர்லதான் டீச்சர். ஆரஞ்சு பறிக்கிற சமயம் போய், பெரியவங்க கையை எல்லாம் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தேன்ல. அதை அப்படியே கம்ப்யூட்டர்ல உருவமா மாத்திக்கலாம். ஒரு தாத்தா எல்லாருக்கும் முன்னாடி வந்து கையை நீட்டினாரு. 'எடுத்துக்கப்பா, இது எங்க பரம்பரைச் சொத்து'ன்னு சிரிச்சாரு. எடுத்ததுலயே இதுதான் பெஸ்ட். முக்கியமான இடத்துக்கு வச்சேன்."

முக்கியமான இடம்! இந்த விளையாட்டில் ஆடுபவருக்குத் துப்பாக்கி கிடையாது. சாக்கின் இரண்டு ஓட்டைகள் வழியாகத்தான் பார்க்க முடியும். கண்முன்னே வரிசை நிற்கும், கீழிருந்து அவருடைய கை உயரும். நேரம் முடிவதற்குள் ஒருவரைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் வரிசை மொத்தமும் சுடப்படும். 'படிக்கிறவன் அழுதுட்டுத் தூங்கப் போயிடுவான், ஆடுறவன் கையில கறை இருக்கும்' என்று ஜேரிம் சொன்னபோது, நல்ல யோசனை என்று தலையாட்டியவள் ஓக்ரான்தான்.

வெள்ளிக்கிழமை இதை ஊர் மன்றத்தில் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. ஊர்க்காரர்கள் சரி என்றால்தான் ஊரின் பெயரை வைப்பார்கள்.

கையை மாற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பான். அந்தக் கைக்காரரின் அப்பாதான் அது என்று சொல்லவேண்டி வரும். எழுபத்தைந்து வருஷமாக ஊரே வாயைக் கட்டிக்கொண்டு காப்பாற்றியதை, அக்கரைப் பயல் ஒருவனிடம் அவள் காட்டிக்கொடுக்கவேண்டும். அப்படிக் காட்டினால் அவளும் ஒரு விரல்தானே? சொல்லாமல் விட்டாலோ, வெள்ளிக்கிழமை பான்கில் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து தன் கையால் ஊர்க்காரர்கள் சாவதைப் பார்ப்பார்.

அவள் செய்தது எழுத்தாளர்கள் செய்கிற வேலை. பூசி மெழுகினாள்.

"கிழவன் கை மாதிரி இருக்கு ஜேரிம். நாப்பத்தொம்பதுல அவனுக்கு இருபத்தஞ்சு வயசுக்குள்ளதான் இருக்கும். இது சரிப்படாது, மாத்திடு."

"அட, ஆமால்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன் டீச்சர்."

அப்படியும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. புதன்கிழமை பஸ் பிடித்துத் துல்சேமிக்குப் போனாள். பான்கில் கொட்டகையில் உட்கார்ந்து ஆரஞ்சுகளைப் பெரிது சிறிது என்று பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"வாங்க எழுத்தாளரம்மா! நடிகனைப் பாக்க வந்தீங்களா? இனிமே என் கையைப் பாக்கணும்னா டிக்கெட் வாங்கணும்."

"உங்க ஒரு கை போதும்ணே, தீவையே விலைக்கு வாங்கிடுவீங்க."

"உக்காரு தங்கச்சி. இதச் சாப்பிடு, சூம்பினதா இருந்தாலும் இதுதான் இனிப்பு."

ஓக்ரான் தோலை உரித்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தாள். "வெள்ளிக்கிழமை காத்து பலமா இருக்கும்னு சொல்றாங்க. உங்களுக்கு வேற மூட்டுவலி. நீங்க வந்து எதுக்கு சிரமப்படணும்? நான் அப்புறமா வீட்லயே போட்டுக் காட்டறேன்."

"இது நல்ல கதையா இருக்கே! ஊருக்கே காட்டுறத எனக்கு மட்டும் மறைக்கிறியா? புது ஜாக்கெட் வாங்கி வச்சிருக்கேன்மா."

மறைக்கிறியா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டது அவளை முள்ளாய்க் குத்தியது.

"உன் புஸ்தகத்தை ரெண்டு தடவ படிச்சேன்" என்றார், கை வேலையை விடாமல். "நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே, அதைத்தான். அந்தச் சாக்குப் பய இருக்கானே, அவன் மட்டும் என் கையில கிடைச்சிருந்தா... அன்னிக்கே உன்கிட்ட கேட்டேன், யாரு அவன்னு. கற்பனைன்னு சொல்லிட்டே. கற்பனையா இருந்தாலும் நாய் நாய்தான்."

ஓக்ரான் இன்னொரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வாரம் திதி வேற. வண்டிக்கு டீசல் போடணும்" என்றார் அவர். அந்தத் தேதியில் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் திதி. ஒரே நாளில் செத்தவர்களுக்கு ஒரே நாளில்தானே படைக்கமுடியும்! சந்தையிலிருந்து ஊர் முழுவதற்கும் மீனும் பன்றிக்கறியும் படையலுக்கு வைக்கும் கேக்கும் ஏற்றிவந்து இறக்குவது வருஷா வருஷம் பான்கிலின் வண்டிதான். கூலி வாங்கமாட்டார். படைத்ததில் ஒரு பங்கு எல்லா வீட்டிலிருந்தும் மறுநாள் காலை அவருக்கு வரும். "எங்க வீட்டுல மட்டும் அன்னிக்கு திதி கிடையாது. ஏன்பான்னு சின்ன வயசுல கேட்டேன். 'நம்ம அதிர்ஷ்டம்டா'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. பாவம், அதிகம் பேசமாட்டாரு மனுஷன். வெயில் காலத்துலகூட வலது கைக்குக் கையுறை போட்டிருப்பாரு. கோண விரல் அவருக்கு வெக்கம். எனக்கென்ன வெக்கம்? பொம்பளைங்க சீண்டறதுக்கு ஒரு சாக்கு."

இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கொட்டகையில் இரண்டே பேர். வெளியில் காற்று. சொல்லியிருந்தால் அவர் தனியாக அழுதிருப்பார், அல்லது அவளை வைதிருப்பார். அதோடு போயிருக்கும். ஆனால் துல்சேமிக்காரர்களுக்கு இந்த வார்த்தையைச் சொல்லும் வாயே கிடையாது. ஓக்ரான் எழுந்து, ஒரு பை ஆரஞ்சை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பஸ்ஸில் இருக்கும்போதே ஜேரிமிடமிருந்து செய்தி வந்தது. 'கையை மாத்திட்டேன் டீச்சர். இப்ப இருபத்தஞ்சு வயசு. அசந்துடுவீங்க.' அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டாள். கூட வந்த படத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கையை இன்னொரு முறை பார்க்கவேண்டாம் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மன்றத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சூடான தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து அரிசிப் பலகாரமும் ஆரஞ்சும் தின்றுகொண்டு ஒரே இரைச்சல். முன்னால் தலைவி மாதிரி கப்செங். எண்பத்தைந்து வயது, அந்த வரிசையில் நின்று பிழைத்தவர்களில் இன்னும் நினைவு தெளிவாக இருப்பவள். அவள் சொல்லச் சொல்லத்தான் ஜேரிம் அந்த மைதானத்தை வரைந்திருந்தான்: யார் எங்கே நின்றார்கள், யாருக்கும் யாருக்கும் நடுவில் எவ்வளவு இடம், அவளுடைய அண்ணனின் கிழிந்த காலர், அவன் பக்கத்தில் பத்து வயதில் அவள். பான்கில் புது ஜாக்கெட்டில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"தலைக்கு எண்ணெய் எல்லாம் போட்டு வந்திருக்கே. கைதானேடா நடிக்குது?" என்றாள் கப்செங்.

"கைக்கும் போட்டிருக்கேன்க்கா, மோந்து பாருங்க."

ஜேரிம் விளக்கை அணைத்தான். சுவரில் சாக்கின் இழைகள் தெரிந்தன. ஓட்டைகள் வழியாகப் பனி, பள்ளிக்கூடச் சுவர், வரிசை. மன்றம் அடங்கியது. சிலர் தங்கள் ஆட்களை அடையாளம் கண்டு மெல்லப் பெயர் சொன்னார்கள். ஒருத்தி அழத்தொடங்கினாள். கீழிருந்து கை உயர்ந்தது.

இளமையான கை. தோல் இறுகி, நரம்பு புடைத்து, ரோமம் கறுத்திருந்தது. ஆனால் ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது. ஜேரிம் கையை மாற்றவில்லை. அதே கைக்கு வயதைக் குறைத்திருந்தான். அவள் கேட்டதும் அதைத்தானே! கிழவன் கையாக இருந்தவரை அது பான்கிலின் கை. வயதைக் குறைத்ததும் அது காங் தூமானின் கையாகவே ஆகிவிட்டது.

"ஏய், என் கைடா!" என்று பான்கில் துள்ளி எழுந்தார். "பாருங்க, பாருங்க, அம்பது வயசக் குறைச்சிட்டான்! பொண்ணு பாக்கலாம்போல!" பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அட... அப்பா கை மாதிரியே இருக்கே."

அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். யாரும் சிரிக்கவில்லை. ஐம்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் ஆரஞ்சுத் தோலைப் பொடிப் பொடியாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். திரையில் கை மட்டும் காற்றில் நின்றது.

"ஏன் யாரும் சிரிக்கல?" என்றார் பான்கில்.

அவருடைய முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல. அவர் திரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடி குனிந்திருந்த தலைகளைப் பார்த்தார். எழுபத்தைந்து வருஷம் ஊர் வாயால் காப்பாற்றியதை அந்தத் தலைகள் சொல்லிவிட்டன.

"அக்கா, எங்கப்பாவா?"

கப்செங் ஒருத்திதான் அவரை நேராகப் பார்த்தாள். "ஆமா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

அவள் தலையசைத்தாள்.

"ஓக்ரான், உனக்கு?"

"தெரியும்ணே."

"கற்பனைன்னு சொன்னியே." அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் ஓக்ரானுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "நான் அந்தாள நாய்ன்னேன். உன் எதிர்லதான் சொன்னேன். ஆரஞ்சு தின்னுட்டு உக்காந்திருந்தே." பிறகு கப்செங் பக்கம் திரும்பினார். "வருஷா வருஷம் உங்க அண்ணனுக்குப் படைச்ச சோத்தை எனக்குக் குடுத்தனுப்பினீங்களேக்கா. நானும் தின்னேனே. மீனோட வால் பக்கம்தான் வேணும்னு கேட்டு வாங்கித் தின்னேனே!"

"நீ என்னடா பண்ணே, குடுக்காம இருக்கறதுக்கு?" என்றாள் கப்செங்.

ஜேரிம் வெளிறிப்போய் மேஜை அருகில் நின்றான். யாரும் அவனுக்கு எதையும் விளக்கவில்லை. விளக்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிருந்தது. பான்கில் அவனிடம் போய்க் கையை நீட்டினார்.

"குடு. எப்படி ஆடறதுன்னு சொல்லு."

"வேண்டாம் தாத்தா, நிறுத்திடறேன்..."

"குடுன்னு சொல்றேன்ல."

குச்சியை அசைத்தால் கை அசையும், பொத்தானை அழுத்தினால் விரல் நிற்கும், அவ்வளவுதான். பான்கில் கருவியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அசைக்கவே இல்லை. சாக்குக்குள் மூச்சு இரைத்தது. பின்னாலிருந்து ஒரு குரல் காட்டு, காட்டு என்றது. துப்பாக்கிக் கட்டை முதுகில் இடிக்க, காட்சி குலுங்கியது. அவர் அசைக்கவில்லை. விசில் ஒலித்தது. வரிசை முழுவதும் விழுந்தது. கிழிந்த காலர் அண்ணன் விழுந்தான், அவன் பக்கத்தில் ரப்பர் செருப்போடு பத்து வயதுப் பெண் விழுந்தாள்.

"உங்கப்பன் என்னையாவது விட்டான்" என்றாள் கப்செங். "நீ என்னையும் விடல."

குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். பான்கிலின் முதுகு வளைந்தது. 'மறுபடியும்?' என்று திரை கேட்டது, அழுத்தினார்.

இந்த முறை கையை மெல்ல நகர்த்தினார். வரிசையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போனார், திரும்பி வந்தார். கிழிந்த காலர் அண்ணனுக்கு வலப்புறம், அவனுக்கும் அடுத்து நின்ற பெண்ணுக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். பின்னால் கருங்கல் சுவர்தான் தெரிந்தது. பான்கில் நெற்றி வியர்க்க விரலை அந்த வெற்றிடத்துக்குக் கொண்டுவந்து, சுவருக்கு நேராக நிறுத்தி, பொத்தானை அழுத்தினார்.

சிப்பாய் போய் அண்ணனை இழுத்தான்.

"நான் சுவரைத்தானே காட்டினேன்!" என்று கத்தினார் பான்கில். "பாத்தீங்கல்ல? சுவரைத்தான் காட்டினேன்!"

"அது வந்து... தாத்தா, என் தப்பு" என்றான் ஜேரிம் திக்கித் திக்கி. "விரல் நுனியிலேர்ந்து ஒரு கோடு போகும், அது யார்மேல படுதோ அவங்கள சிப்பாய் பிடிப்பான். உங்க விரல் நுனி இந்தப் பக்கம் வளைஞ்சிருக்கா, அதனால நீங்க சுவரைக் காட்டினாலும் கோடு இடது பக்கத்து ஆள்மேல போய் விழுது. வேற நேரான கை போட்டா சரியாயிடும். இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

"இரு" என்றாள் கப்செங்.

அவள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, திரைக்கு அருகே போனாள். சிப்பாய் இழுத்த அண்ணனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அந்த இடத்தை அவள்தான் நினைவிலிருந்து சொல்லி வரையவைத்தாள்.

"சுவரையா" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

விளையாட்டு சாட்சி சொல்லாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஒரு கிழவியின் ஞாபகத்தைக் கேட்டு ஒரு பையன் வரைந்த சுவர் அது. தூமான் அன்று அண்ணனைத்தான் காட்டியிருக்கலாம். ஆனால் காட்டாமலும் இருந்திருக்கலாம் என்பதை எழுபத்தைந்து வருஷத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

"நான் நினைச்சேன்" என்றாள் கப்செங், ஓக்ரானிடம் திரும்பி. "சின்னப் பொண்ணா இருந்தப்ப. விரல் எங்கண்ணன் மேல நேரா நிக்கலையே, ஏன் அவனை இழுத்தாங்கன்னு. ரொம்ப வருஷம் அது மனசுல அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் உன் புஸ்தகம் வந்துச்சு. விரல் நேரா இருந்துச்சுன்னு போட்டிருந்தே. பான்கிலுக்காக மறைக்கறேன்னு புரிஞ்சுது, அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா 'தேடியவனைத் தெரிந்துகொண்டு அவன்மேல் நின்றது'ன்னு எழுதினியே. படிச்ச பொண்ணு, நாலு பேரை விசாரிச்சுத்தான் எழுதியிருப்பேன்னு நினைச்சேன். சரி, தெரிஞ்சுதான் காட்டியிருக்கான்னு அதோட விட்டுட்டேன். யார்கிட்ட விசாரிச்சே?"

ஓக்ரானுக்குப் பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. செத்துப்போன யாருடைய பெயரையாவது சொல்லலாம்.

"யார்கிட்டயும் இல்ல பெரியம்மா. அந்த இடத்துல அப்படி ஒரு வரி தேவையா இருந்துச்சு."

"வரியா" என்றாள் கப்செங்.

"ஆமா."

"உன் புஸ்தகம் வந்தப்புறம் அவன் ஆறு வருஷம் உசுரோட இருந்தான்டி. தினம் என் வாசலைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போவான். கையுறையைப் போட்டுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன், ஆளையா காட்டினே, சுவரையான்னு. ஒரே ஒரு வார்த்தை."

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஓக்ரான் நின்றுகொண்டே இருந்தாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

"டீச்சர்" என்றான் ஜேரிம், காதருகே. "விரலை நேராக்கணுமா, இப்படியே விடணுமா?"

அவள் பான்கிலைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. திரை 'மறுபடியும்?' என்று கேட்டது. அவர் அழுத்தினார்; கையை அதே வெற்றிடத்துக்கு, இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாக, நகர்த்தத் தொடங்கினார்.